தட்டுக்கும் தட்டுக்கும் இடையே

மாணவி, பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"சுருதி மாதா, லயம் பிதா" என்று இசை பயில்வோர் சொல்வது வழக்கம். இவ்விருவருள் தாயைக் கண்டுகொள்வது எளிது. சுருதி விலகினால் பாட்டறியாதவரும் முகத்தைச் சுளிப்பார். தந்தையோ அப்படியல்லர். லயம் இம்மியளவு நழுவினால் நம்மில் பலருக்கும் உடனே தெரிவதில்லை. ஏதோ சரியில்லை என்று மனத்துக்குத் தோன்றும்; அந்த 'ஏதோ' எது என்று சொல்ல வராது. அது எது, எவ்வளவு என்று எண்ணாலே கண்டுபிடிக்கும் வேலை ஒன்று உண்டு. கடந்த கோடை விடுமுறையின் பெரும்பகுதி அந்த வேலையில்தான் எனக்குக் கழிந்தது. அதைப் பற்றி என் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். பாட்டுக்கேற்பத் தாளம் தவறாமல் பொத்தானை அழுத்த வேண்டிய கணினி விளையாட்டுகள் பல உள்ளன. ஜப்பான் நாட்டில் 1996-ஆம் ஆண்டு 'பராப்பா தி ராப்பர்' என்னும் விளையாட்டு வந்தது. 1998-இல் கொனாமி நிறுவனத்தார் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்பதை வெளியிட்டனர். அதில் கையால் அல்ல, தரையில் உள்ள அம்புக்குறிகளைக் காலால் மிதித்து ஆட வேண்டும். 2007-இல் ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் என்பவர் 'ஓசு' என்னும் விளையாட்டைக் கணினிக்காக வெளியிட்டார். நான் அறிந்தது இந்த ஓசுவைத்தான். திரையில் வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். வட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் வட்டத்தைத் தொடும் கணத்தில் நாம் அழுத்த வேண்டும். அந்தக் கணமும் பாட்டின் தாளமும் ஒன்றாக இருக்கும். சொல்லக் கேட்டால் எளிது. ஆடிப் பார்த்தால் விரல் வலிக்கும்.

இந்த விளையாட்டின் சிறப்பு என்னவென்றால், பாட்டுக்கு வட்டங்களை அடுக்கித் தருபவர்கள் பெரும்பாலும் ஆடுபவர்களே. இவ்வாறு அடுக்குவதை 'மேப்பிங்' என்கிறார்கள். பூத்தொடுப்பது போன்ற வேலை அது. ஆனால் பூவைத் தொடுக்குமுன் நார் வேண்டுமல்லவா? அந்த நார்தான் பாட்டின் வேகம். நிமிடத்திற்கு எத்தனை தட்டு என்பது முதல் எண், இதை 'பி.பி.எம்.' என்பர். முதல் தட்டு எந்தக் கணத்தில் விழுகிறது என்பது இரண்டாம் எண், இது 'ஆஃப்செட்'. இவ்விரண்டில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு அழகாகப் பூத்தொடுத்தாலும் மாலை நில்லாது.

நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்று இசையை எண்ணால் குறிக்கும் வழக்கம் கணினியோடு வந்ததன்று. வின்கெல் என்பவர் 1814-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் தலைகீழ் ஊசல் போன்ற ஒரு கருவியை அமைத்தார். மறு ஆண்டே மெல்ட்செல் என்பவர் அதற்கு அளவுகோலைச் சேர்த்து 'மெட்ரோனோம்' என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றுவிட்டார். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்! 1817-இல் பேத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். அவர் குறித்த எண்கள் சில மிக விரைவாக உள்ளனவே என்ற வாதம் இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. ஒரு பாட்டின் சரியான வேகம் எது என்ற கேள்வி எவ்வளவு பழையது, எவ்வளவு கடினமானது என்பதற்கு இதுவே சான்று.

பழைய மெட்ரோனோம் வினாடியைப் பெரிதாகப் பங்கிடாது. கணினியோ வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டு, மில்லிவினாடியில் கேட்கிறது. கணக்கு எளியதே. ஒரு நிமிடத்திற்கு 60,000 மில்லிவினாடி. அதை வேகத்தால் வகுத்தால் இரு தட்டுகளுக்கு இடையே உள்ள நேரம் கிடைக்கும். வேகம் 120 என்றால் இடைவெளி 500. வேகம் 96 என்றால் 625. வேகம் 128 என்றால் 468.75. எட்டாம் வகுப்பில் தலைகீழ் மாறல் படித்தபோது, இது எங்கே பயன்படப் போகிறது என்று நாம் கேட்டோம் அல்லவா? இங்கே பயன்படுகிறது.

இனி, வேகத்தைக் கண்டுபிடிக்கும் வழி. பாட்டை ஓடவிட்டு, தாளத்திற்கு ஏற்ப ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் கணினி சராசரி கண்டு ஒரு வேகத்தைச் சொல்லும். எல்லாரும் முதலில் செய்வது இதுதான். ஆனால் நம் விரல் கடிகாரம் அன்று. ஒரு தட்டு முந்தும், ஒரு தட்டு பிந்தும். போதாததற்கு, பெரும்பாலோர் தாளத்தோடு சேர்ந்து தட்டும்போது தம்மை அறியாமலே சற்று முன்னதாகத் தட்டிவிடுவர் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே விரலால் தட்டி வேகத்தை ஏறக்குறைய அறியலாம். முதல் தட்டின் கணத்தை மட்டும் அறிய இயலாது.

அடுத்து வருவது இரட்டிப்புச் சிக்கல். ஒரே பாட்டைக் கேட்டு ஒருத்தி 85 என்பாள், இன்னொருத்தி 170 என்பாள். இருவரும் சொல்வது சரியே. கர்நாடக இசை பயிலும் தோழியருக்கு இது புதிதன்று. முதல் காலத்தில் பாடிய வரிசையை இரண்டாம் காலத்தில் பாடினால் ஒரு தட்டுக்கு வரும் சுரங்கள் இரண்டு மடங்காகும். கை போடும் தாளமோ அப்படியே இருக்கும். அது போலத்தான் இதுவும். பாட்டில் முரசு எங்கே விழுகிறது, சொற்கள் எப்படி நடக்கின்றன, தலை இயல்பாக எந்த வேகத்தில் ஆடுகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இங்கே கணினி உதவாது. காதுதான் நீதிபதி.

ஏறக்குறைய 128 என்று தெரிந்துவிட்டது. போதாதா என்று கேட்கலாம். போதாது. உண்மை வேகம் 128 என்று வைத்துக்கொள்வோம். நாம் 127.9 என்று குறித்துவிட்டோம். பத்தில் ஒரு பங்குதானே? ஒரு தட்டுக்கு வரும் பிழை 0.37 மில்லிவினாடிக்கும் குறைவு. எவர் காதுக்கும் எட்டாது. ஆனால் நான்கு நிமிடப் பாட்டில் 512 தட்டுகள் உள்ளன. பிழை சிறுகச் சிறுகச் சேர்ந்து, பாட்டின் இறுதியில் ஏறக்குறைய 188 மில்லிவினாடி ஆகிவிடும். ஓசுவின் மிகக் கடின நிலையில் முழு மதிப்பெண் பெற முன்னும் பின்னும் 20 மில்லிவினாடிதான் இடம் உண்டு. அப்படியானால் 188 என்பது எவ்வளவு பெரிது! தொடக்கத்தில் அருமையாக ஆடியவள் முடிவில் ஒரு வட்டத்தையும் பிடிக்க முடியாமல் தவிப்பாள். குற்றம் தன்மேல் என்றே எண்ணிக்கொள்வாள். சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் சொன்னதன்று போலும்.

இதற்கு மருந்தும் கணக்கில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த இரு தட்டுகளை அளக்காமல், வெகுதூரம் தள்ளி இருக்கும் இரு தட்டுகளை அளக்க வேண்டும். பாட்டின் முதல் தட்டு 1.240 வினாடியில் விழுகிறது என்க. அதற்குப் பின் 256 இடைவெளிகளை எண்ணிக்கொண்டே போய், அங்குள்ள தட்டு 121.240 வினாடியில் விழக் கண்டால், 120 வினாடிக்கு 256 இடைவெளி. ஆகவே வேகம் 128. இங்கே நம் கை 10 மில்லிவினாடி பிசகினாலும் விடையில் நூற்றில் ஒரு பங்குதான் மாறும். எட்டே இடைவெளிகளை அளந்து அதே 10 மில்லிவினாடி பிசகினாலோ விடை ஏறக்குறைய 0.34 மாறிவிடும். ஒரு தாளின் தடிமனை அளக்க நூறு தாளைச் சேர்த்து அளந்து நூறால் வகுக்கச் சொல்லி நம் அறிவியல் ஆசிரியை கற்றுத்தந்தார்களே, அதே முறை.

முதல் தட்டின் கணத்தைக் காண, ஒலி அலையை வரைபடமாகக் காட்டும் மென்பொருள் வேண்டும். 'ஆடாசிட்டி' என்பது விலையின்றிக் கிடைக்கிறது. முரசோ ஜால்ராவோ ஒலிக்கும் இடத்தில் அலை திடீரென ஊசிபோல் எழும். அந்த ஊசியின் அடியில்தான் தட்டு. ஆனால் பாடுபவர் வாய் திறக்கும் இடமே தாளத்தின் முதல் தட்டு என்று கொள்ளக் கூடாது. தாளம் தொடங்கிய பின் பாட்டுத் தொடங்கினால் அநாகத எடுப்பு என்றும், தாளத்துக்கு முன்பே பாட்டுத் தொடங்கினால் அதீத எடுப்பு என்றும் நம் பாட்டு ஆசிரியை சொல்வார்கள். வெளிநாட்டுப் பாட்டுகளிலும் இவ்விரண்டும் தாராளமாக உண்டு, பெயர்தான் வேறு. சமம் எது, எடுப்பு எது என்று பிரித்தறிந்தவள் இங்கே தடுமாறமாட்டாள்.

கடைசியாகச் சோதனை. ஒவ்வொரு தட்டிலும் கணினி ஒரு 'டிக்' ஒலி எழுப்புமாறு செய்து, வேகத்தைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறைத்துப் பாட்டைக் கேட்க வேண்டும். முரசும் டிக்கும் ஒன்றாகவே கேட்டால் கணக்குச் சரி. 'டி-டிக்' என்று இரண்டாகக் கேட்டால், எது முந்துகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். தொடக்கத்தில் கேட்டால் மட்டும் போதாது. நடுவிலும் முடிவிலும் கேட்க வேண்டும். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவு விலகல் இருந்தால் பிழை ஆஃப்செட்டில். போகப் போக விலகல் வளர்ந்தால் பிழை வேகத்தில். இதைச் செய்யும்போது கம்பியில்லாத ஒலிப்பானைக் காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதில் ஒலி தாமதித்து வரும். பாட்டுக் கோப்பையும் வேலை தொடங்குமுன்பே இறுதி செய்துகொள்ள வேண்டும். எம்.பி.3-ஆக மறுபடி மாற்றினால் தலைப்பில் சிறு மௌனம் சேர்ந்து, கண்டுபிடித்த ஆஃப்செட் வீணாகக்கூடும்.

இவ்வளவும் என் பெரியப்பா மகனான அண்ணன் எனக்குச் சொல்லித்தந்தவை. கோவையில் பொறியியல் படிக்கும் அவன் விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்திருந்தான். கணினியிலே இசைக்கப்பட்ட பாட்டுகளுக்கு இம்முறைகள் போதும். அவற்றின் வேகம் பெரும்பாலும் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது. மனிதர் கூடி அமர்ந்து, கையாலும் வாயாலும் இசைத்த பாட்டுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வி என்னிடம் ஓர் ஒலிநாடாவின் உருவில் வந்து சேர்ந்தது.

என் தாத்தா உப்பளத்தில் கணக்கராக இருந்தவர். மாலையில் ஆர்மோனியம் வாசிப்பார். சொந்தமாக மெட்டுக் கட்டுவார். 1986-ஆம் ஆண்டு ஒருநாள் இரவு, தாம் கட்டிய பாட்டு ஒன்றை வீட்டுத் திண்ணையில் வைத்து ஒலிநாடாவில் பதிந்திருக்கிறார். பாடியவர் என் ஆச்சி. ஆர்மோனியம் தாத்தா. ஜால்ரா போட்டது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த என் அப்பா. ஆச்சி 2011-இல், எனக்கு ஒரு வயது நிரம்பு முன்பே காலமாகிவிட்டார்கள். அவர்கள் முகத்தை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். குரல் என்று இருப்பது இந்த ஒரு பாட்டுத்தான். மூன்று நிமிடம் இருபது வினாடி. அதற்கு மேப் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது. சார்ஜாவில் இருக்கும் என் அத்தை பிள்ளைகள் ஓசு ஆடுவார்கள். தமிழ்ப் பாட்டென்றால் காதைப் பொத்திக்கொள்ளும் அவர்கள், விளையாட்டுக்காகவேனும் ஆச்சியின் குரலைக் கேட்பார்கள் அல்லவா?

பழைய டேப் ரெக்கார்டரை அண்ணன் பழுது பார்த்து, கம்பியிட்டுக் கணினியோடு இணைத்துப் பாட்டை ஏற்றித் தந்தான். வேகம் காணும் முன் ஓர் ஐயம் எழுந்தது. ஒலிநாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு வீட்டுக் கருவி சற்று மெதுவாக ஓடிப் பதியும். இன்னொன்று சற்று வேகமாக ஓடி ஒலிக்கும். ஓட்டம் மாறினால் தாளத்தோடு சுருதியும் மாறும். அப்படியானால் சுருதியைக் கொண்டே தாளத்தைச் சோதிக்கலாமே! தாத்தாவின் ஆர்மோனியம் இன்றும் வீட்டில் இருக்கிறது. ஆச்சி பாடியது ஐந்தரைக் கட்டை என்று தாத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நாடாவில் கேட்டதோ ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அரைக் கட்டையில் பாதி உயர்ந்திருக்கிறது என்றால் ஓட்டம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று மிகுதி. அதைக் குறைத்துச் சரிசெய்ததும் நாடாவின் ஒலி ஆர்மோனியத்தோடு இசைந்தது. இல்லையேல் 96 ஆக இருக்க வேண்டிய வேகம் 99 என்று கணக்கில் ஏறியிருக்கும். ஆச்சியின் குரலும் ஆச்சியினுடையதாக இருந்திராது. பிதாவைத் தேடிப் போன இடத்தில் மாதா வழிகாட்டினாள்.

வேகம் 96 என்று சொன்னேன். ஆனால் அது சராசரிதான். அப்பாவின் ஜால்ரா வரைபடத்தில் ஊசி ஊசியாகத் தெளிவாய்த் தெரிந்தது. ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் எட்டு ஊசிகள். நாற்பது ஆவர்த்தனங்கள். ஒவ்வொன்றையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வேகம் ஒரு சமயம் 94-க்கு இறங்கியது, ஒரு சமயம் 98-க்கு ஏறியது. மனிதர் வாசித்தால் அப்படித்தான். ஆனால் நான்கு இடங்கள் மட்டும் தனித்து நின்றன. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய கடைசி இடைவெளி நீண்டிருந்தது. இயல்பான இடைவெளி 625 மில்லிவினாடி. முதன்முறை அது 650 ஆனது. இரண்டாம் முறை 680. மூன்றாம் முறை 710. நான்காம் முறை 750. படிப்படியாக வளர்ந்திருக்கிறது!

நாடா அந்த இடங்களில் இழுபட்டிருக்குமோ என்று பார்த்தேன். இழுபட்டிருந்தால் சுருதியும் அங்கே தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நான்கு இடங்களிலும் ஆர்மோனியத்தின் ஆதார சட்சம் இம்மியும் அசையாமல் நீண்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே தயங்கியது கருவி அன்று, வாசித்தவர்.

அண்ணன் என் குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்தான். ஓசுவில் வேகம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். ஆவர்த்தனத்துக்கு ஒன்றாக நாற்பது, தயங்கும் இடங்களுக்கு நான்கு, ஆக நாற்பத்து நான்கு கோடுகள்.

"ஏளா, எதுக்கு இவ்வளவு பாடு? சாஃப்ட்வேர்ல போட்டு நேரா 96-க்கு இழுத்து வச்சிட்டா ஒரே கோட்டுல முடிஞ்சிரும்லா" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய பாட்டுகளை அப்படிச் சமப்படுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆடுபவர்களுக்கு அது எளிது. தடுக்கி விழமாட்டார்கள். பாட்டும் கேட்பதற்குக் கெட்டுப்போய்விடாது. 625-க்கும் 650-க்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை பேர் உணர்வார்கள்? சார்ஜாப் பிள்ளைகள் ஆடாமல் விட்டுவிட்டால் என் முயற்சியின் நோக்கமே போய்விடும். நேராக்குவதா, உள்ளபடி விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாட்டு என்னுடையதன்று. உடையவரையே கேட்டுவிடலாம் என்று குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன்.

தாத்தாவுக்கு மில்லிவினாடி புரியவில்லை. ஆகவே அந்த நான்கு இடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது இடம் வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க ஆச்சிக்கு இளைப்பு உண்டும்லா. சரணம் முடிஞ்சா மூச்சு வாங்கணும் அவளுக்கு. நான் அவ முகத்தப் பாத்துட்டே நிப்பேன். அவ எடுத்தப் பெறவுதான் நான் எடுக்கது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்குக் கடேசில ரொம்பத் திணறிட்டா. போதும்னு சொன்னேன். முடிச்சிருவோம்னா" என்றார்.

அருகில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தி, "நான் அப்பா முகத்தப் பாத்துட்டு இருப்பேன். அவங்க தலையசைச்சாத்தான் ஜால்ரா போடணும். முந்திப் போட்டா தொடையில ஒரு தட்டு விழும்" என்றார்.

அன்று இரவு அண்ணனிடம், நாற்பத்து நான்கு கோடுகளும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தாத்தா சொன்னதையும் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. கோடுகளைச் சரிபார்க்க அவனே என்னோடு நள்ளிரவுவரை உட்கார்ந்தான். 650, 680, 710, 750 என்ற நான்கு எண்களை நான் குறிப்பேட்டில் எழுதியபோது அவை வெறும் அளவுகள். இப்போதோ, நான் கண்ணால் பார்த்து அறியாத ஆச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளுள் அவையே மிக நுட்பமானவை. 750-இல் ஆச்சி திணறுகிறார்கள். தாத்தா கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல் காத்திருக்கிறார். ஒன்பது வயது அப்பா ஜால்ராவை உயர்த்திப் பிடித்தபடி தாத்தாவைப் பார்க்கிறார். நேராக இழுத்திருந்தால் எட்டில் ஒரு வினாடி குறைந்திருக்கும். அந்த எட்டில் ஒரு வினாடிக்குள்தான் இவர்கள் மூவரும் இருக்கிறார்கள்.

மேப் முடிந்து சார்ஜாவுக்குப் போயிற்று. பிள்ளைகள் ஆடினார்கள். நான்காம் பல்லவியின் வாயிலில் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள்! "இங்க மட்டும் ஏன் லேட்டா வருது?" என்று சின்னவன் தொலைபேசியில் சண்டைக்கு வந்தான். ஆச்சி அங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று சொன்னேன். ஓசு ஆடி நான் கண்ட மதிப்பெண்களை எல்லாம்விட, அவன் அதன்பின் கேட்ட கேள்விதான் எனக்கு நிறைவு தந்தது. "ஆச்சிக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டான். அத்தை பேசியை வாங்கி நெடுநேரம் பேசினார்கள். இப்போது அவன் அந்த இடத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டான். வளையம் சுருங்குவதைப் பாராமல், மூச்சு வாங்கும் ஒலியைக் கேட்டு அழுத்துகிறானாம்.

தாத்தாவுக்கு விளையாட்டில் நாட்டமில்லை. திரையில் வட்டங்கள் ஓடுவதைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பார். ஆனால் பாட்டைப் போடச் சொல்லி, நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டு கேட்பார். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அந்தத் தட்டுகளை அண்ணன் கைப்பேசியில் பதிந்து அளந்து பார்த்தான். நான்கு இடங்களிலும் அவர் விரல் சரியாக நின்று எழுந்தது.

அன்புத் தோழியரே! கணினி விளையாட்டென்றாலே காலத்தை வீணாக்குவது என்று பெரியோர் சொல்கின்றனர். அளவின்றி ஆடினால் அது உண்மையே. எனக்கும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம்தான் அனுமதி. பொதுத் தேர்வு முடியும்வரை அதுவும் இல்லை. ஆயினும் ஆடுவது வேறு, ஆக்குவது வேறு. ஆக்கப் புகுந்தபோது வகுத்தல் கணக்கும், சராசரியும், ஒலியின் அறிவியலும், பாட்டு வகுப்பில் கற்ற எடுப்பும் ஒன்றாக வந்து கைகொடுத்தன. பொறுமை என்னும் பாடத்தை நாற்பது ஆவர்த்தனங்கள் கற்றுத்தந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒலிநாடாக்கள் இருக்கும். திருமண வீட்டில் பாடியது, தாலாட்டு, அயலூரிலிருந்து பேசி அனுப்பிய கடிதம் என எத்தனையோ பதிந்திருப்பார்கள். நாடா நாளாக நாளாகக் கெடுவது. ஆகவே தேர்வு முடிந்ததும் பரணில் ஏறுங்கள். கேட்டுக் கணினியில் ஏற்றுங்கள். கையில் தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள். தாளம் எங்கேனும் தயங்கினால் திருத்த அவசரப்படாதீர்கள். பாடியவரை அறிந்தவர் வீட்டில் எவரேனும் இருந்தால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.